குற்றவியல் படித்தவளுக்குக் கிடைத்த வேலை

வியாழன், இரவு.

ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் இன்று எனக்கு வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து போகும் பெண்களின் பைகளை வாசலில் நின்று சோதிக்க வேண்டும். சம்பளம் பதினான்காயிரம். குற்றவியல் படிக்க வாங்கிய கடனுக்கு மாதத் தவணையே ஒன்பதாயிரம். திருப்பதியில் அறை வாடகை வேறு.

ஆளெடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பத்தாவது படித்தவள். அவளுக்கும் அதே சம்பளம்தான்.

"டிகிரிக்குன்னு கூடக் குடுக்க மாட்டீங்களா சார்?" என்று மேலாளரைக் கேட்டேன்.

"இந்த வேலைக்கு டிகிரி யாரும்மா கேட்டாங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஊரிலிருந்து, பங்காருபாளையத்திலிருந்து, அப்பா போன் செய்தார்; நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மாங்காய் மண்டியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறார். என் கடனுக்கு ஜாமீன் நின்றவரும் அவர்தான். வேலை கிடைத்ததைச் சொன்னேன்.

"போலீஸ் வேலை மாதிரியாம்மா?"

"அந்த மாதிரிதான் நைனா."

"யூனிபாரம் இருக்குதா?"

"இருக்குது."

உடனே பக்கத்திலிருந்தவர்களிடம், மகளுக்குப் போலீஸ் வேலை கிடைத்துவிட்டது என்று தெலுங்கில் சத்தமாகச் சொன்னார். யாரோ கைதட்டினார்கள்.

"அடுத்த வாரம் ஸ்வீட் வாங்கிக்கினு வரேன். நீ டூட்டியில நிக்கறத ஒரு தபா பாக்கணும்" என்றார்.

வாங்க நைனா என்று சொல்லிவிட்டேன்.