நான் மாற்றிய எண்

அன்புள்ள லேலண்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

அருங்காட்சியகத்தின் காட்டுக் காளான் பதிவுகளைக் கணினியில் சரிபார்க்கிறேன். நேற்று விளையாட்டாக நம் ஊர்ப் பெயரைத் தேடினேன். உங்கள் அப்பா 1971இல் கொடுத்த மஞ்சள் காளானின் பதிவு வந்தது. அது முளைக்கும் இடம்தான் நம் குளிர்காலப் பிழைப்பே. சொந்தத் தம்பியிடம்கூட மறைத்த மனிதர், ஓடையிலிருந்து எத்தனை அடி என்பதுவரை இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்! கணினியில் ஏறிவிட்டதால் இனி யாரும் பார்க்கலாம்.

"என்ன வெர்னா, காளானப் பாத்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் மேலாளர் டோரிஸ்.

"பசிம்மா, வேறொண்ணுமில்ல."

அவள் நகர்ந்ததும் அந்த அடிக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிவிட்டேன். அதிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தேவாலயத்தில் என் இடத்தில் யாரையும் உட்காரவிடாதீர்கள். திங்கட்கிழமை அந்த எண்ணைத் திருத்திவிடுவேன். அதற்குள் போய்ப் பறித்துவிடுங்கள். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வெர்னா