பாம்பு மெதுவாகத்தான் போகும்

வியாழன், இரவு

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் நானும் தம்பி பாபுவும் பேசிக் மொழியில் எழுதிய பாம்பு விளையாட்டை, அவன் பிறந்தநாளுக்காக சி பிளஸ் பிளஸ்ஸில் புதிதாக எழுதி, இன்று ஏ.எஸ்.ராவ் நகரில் அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கேம் எழுதுவதுதான் என் வேலை. அதில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அவன் ஆடியபோதெல்லாம் பாம்பு சுவரில் போய் முட்டியது. லேப்டாப்பைத் தள்ளிவிட்டான்.

"நக்கோ அக்கா, எனக்கு வேணாம், இது நம்ம கேமே இல்ல. அதுல பாம்பு வளர வளர ஸ்லோ ஆகும்."

என் கண் அவன் வலது கைக்குத்தான் போனது. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த விரல்கள் இன்னும்... சரியாகிவிடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். "ஆமாண்டா" என்று சும்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தப் பழைய கேமில் ஒவ்வொரு நகர்வுக்கும் பாம்பு முழுவதையும் அழித்துத் திரும்ப வரைவோம். பாம்பு நீண்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். பாபு சாக்குச் சொல்லவில்லை. எனக்கே மறந்துபோனதை அவன் ஞாபகம் வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்த கையோடு அந்த மந்தத்தைச் சேர்த்தேன். ஆடிப் பார்த்தேன். வால் நீண்டதும் பாம்பு தளர்ந்தது, அதே பழைய பாம்பு.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். ஆளுக்கொரு ஆட்டம். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.