ஏழும் இன்னும் வெளியே

2013 பிப்ரவரி 5, செவ்வாய்

நான்காவது கணினியையும் கீழ்த்தளத்துக்கு, துணி உலர்த்தும் அறைக்கு, இறக்கியாயிற்று. மாணவர் குடியிருப்பில் மின்சாரம் வாடகையோடு சேர்த்தி. இரவும் பகலும் கணக்குப் போட்டுப் பிட்காயின் தோண்டும் கணினிகள் கக்கும் சூட்டில் ஈரத்துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. பராமரிப்பாளர் கண்டும் காணாமல் போகிறார். அவருடைய சட்டைகளும் அங்கேதான் தொங்குகின்றன.

அடுத்த வாரம் இவை எங்கள் சொந்த நாணயத்தைத் தோண்டும். கோட், அதாவது நிரல், முழுக்க என்னுடையது. இணைய மன்றத்தில் பேசுவது, ஆள் சேர்ப்பது என் சிநேகிதன் சாந்தேரி. பெயர் ரெய்லு. "நேர்மைன்னே பேர் வெச்சிட்டு ஏமாத்தினா நல்லாவா இருக்கும்?" என்று அவன்தான் அந்தப் பெயரைப் பிடித்தான்.

இப்போது வாரத்துக்கு ஒருவன் புது நாணயம் தொடங்குகிறான். அத்தனையும் ஒரே கூத்து: உண்டாக்கியவன் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கு வேண்டியதைத் தோண்டிக்கொள்வான், பிறகு "வாங்க வாங்க" என்று திறப்பான். எங்களிடம் அது கிடையாது. எல்லாருக்கும் ஒரே தொடக்க மணி. எங்களுக்கும் அதே மணி. ரெய்லுவில் புதிதாக இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிட்காயினிலிருந்து எடுத்து நான் ஒட்டுப்போட்டது.

பிப்ரவரி 9, சனி

முன்னாடியே தோண்டவில்லை என்று எப்படி நிரூபிப்பது? மன்றத்தில் நூறு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி.

பிட்காயினை உண்டாக்கியவர் செய்ததையே செய்யப்போகிறோம். தோண்டிய கணக்கெல்லாம் பிளாக் பிளாக்காகக் கோக்கப்படும் சங்கிலியில், முதல் பிளாக்குக்குள் அன்றைய பத்திரிகைத் தலைப்பைப் பதிப்பது. பத்திரிகை வருவதற்கு முன்னால் அந்தத் தலைப்பு யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் பிளாக் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. சாந்தேரி இதை மன்றத்தில் விளக்கிய விதம்: "ஆளைக் கடத்திட்டுப் போனவங்க, அவன் கையில அன்னிக்குப் பேப்பரக் குடுத்து போட்டோ எடுப்பாங்கல்ல? அதேதான்." எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. நான் மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

முடிவு: வரும் சனிக்கிழமை நகரப் பத்திரிகையின் முதல் பக்கத் தலைப்பு. அச்சில் வருவது. கோட் நண்பகலில் திறக்கும்.

பிப்ரவரி 15, வெள்ளி

அப்பா போன் செய்தார். கூரையில் பனி இடுப்பளவு, நாளை வந்து தள்ளு என்றார். நாளைக்கா! சாந்தேரி சிரித்தான். "போய்ட்டு வாடா ஈரோ. ஒரு தலைப்பைத் தட்டச்சு பண்ண ரெண்டு இன்ஜினியர் எதுக்கு?" சரிதான். கோட் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிட்டு இன்றே கெம்பெலேக்கு, அப்பா வீட்டுக்கு, கிளம்புகிறேன்.

பிப்ரவரி 16, சனி

கூரையில் நின்று போனில் பார்த்தேன். நண்பகலுக்குத் திறந்தது. தலைப்பு:

"லாரி கவிழ்ந்தது: நகருக்குள் இன்னும் ஏழு கலைமான்கள்."

நேற்று மதியம் பாலத்தருகே கவிழ்ந்த கலைமான் லாரி. உலகமெங்கும் இருந்து ஆட்கள் தோண்டவந்து, முதல் வேலையாக அந்த ஏழு மான்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். சாந்தேரி போன் பண்ணிக் கதை சொன்னான். சதுக்கத்துப் பத்திரிகைக் கடைக்குக் காலையிலேயே போனானாம். மைனஸ் இருபத்தைந்து டிகிரி குளிர். காசு கொடுக்காமல் தலைப்பை எழுதிக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கடைக்காரம்மா, "தம்பி, இது நூலகமில்ல" என்றாளாம். வெட்கப்பட்டு ஒரு சாக்லேட் வாங்கினானாம். கூரையிலேயே சத்தமாகச் சிரித்தேன். அப்பா கீழேயிருந்து, பனி விழுகிற பக்கம் நின்று என்ன சிரிப்பு என்றார்.

முதல் சில மணி நேரம் பலருக்குத் தோண்டியது கணக்கில் சேரவில்லை என்று புகார். தொடக்கத் தடுமாற்றம், பெருசாக எடுத்துக்கொள்ளாதே என்றான் சாந்தேரி.

பூட்ஸ் முழுக்க நனைந்துவிட்டது. அப்பா உள்ளே பேப்பரைத் திணித்து அடுப்புப் பக்கம் வைத்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு அவருடைய பழைய ஷூவில் திரும்பினேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

அரட்டை அறையில் இப்போது யாரும் வணக்கம் சொல்வதில்லை. ஒருவன் நுழைந்ததும் "ஏழும் இன்னும் வெளியே" என்கிறான். மற்றவர்கள் "தேடிக்கிட்டே இருக்கோம்" என்கிறார்கள். எஸ்தோனியாவில் இருந்து லெம்பித் என்பவர் கலைமான் சின்னம் வரைந்து அனுப்பியிருக்கிறார். வகுப்பில் சலிப்பாக இருந்ததாம். அவர் ஆசிரியர்.

பிப்ரவரி 27, புதன்

மன்றத்தில் நரி என்ற பெயரில் எழுதுகிறவன் ஒருவன். துர்க்குவில் இருக்கிறான் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. எரிச்சலூட்டுகிறவன், ஆனால் முட்டாள் இல்லை. முதல் நான்கு மணி நேரத்தில் தோண்டியதில் பெரும்பகுதி ஒரே கூட்டத்தின் கணக்குகளுக்குப் போயிருக்கிறது, அந்த நாணயங்கள் இன்றுவரை அசையவில்லை, கதவு திறக்கும் முன்பே யாரோ உள்ளே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறான்.

சாந்தேரியிடம் கேட்டேன். பெரிய கணினிக்கூடம் வைத்திருக்கும் எவனோ முதல் நாள் வந்திருப்பான் என்றான். அப்படி நடக்கக்கூடியதுதான். "நீ பதில் எழுது. நான் எழுதினா வியாபாரிப் பேச்சும்பாங்க. உனக்குப் பொய் பேச வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

எழுதினேன். முதல் பிளாக் சனிக்கிழமை காலைக்கு முன் பிறக்கவில்லை, தலைப்பே சாட்சி, சாந்தேரிக்கு நான் பொறுப்பு. என் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டேன். அந்தச் சாவியால் போட்ட கையெழுத்தை வேறு யாராலும் போட முடியாது. போட்ட பிறகு நானே இல்லையென்று சொல்லவும் முடியாது.

மார்ச் 20, புதன்

இணைய நாணயச் சந்தை ஒன்றில் ரெய்லுவைச் சேர்த்துவிட்டார்கள். விலை ஏறுகிறது. நரி மன்னிப்புக் கேட்டு, தானும் வாங்கியிருப்பதாக எழுதினான். கீழே: ஏழும் இன்னும் வெளியே.

ஏப்ரல் 13, சனி

கெம்பெலே. விறகு பிளக்க வந்தேன். முற்றம் முழுக்கச் சேறு, பூட்ஸைத் தேடி எடுத்தேன். உள்ளே அந்தப் பேப்பர் அப்படியே கட்டையாக இறுகியிருந்தது. இடது பூட்ஸிலிருந்து வந்தது முதல் பக்கம். பிப்ரவரி 16, சனி.

நம் தலைப்பு அச்சில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் பிரித்தேன். மன்றத்தில் படம் போடலாம் என்று நினைத்தேன்.

"கலைமான்கள் அனைத்தும் பிடிபட்டன."

பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி மானின் கழுத்தில் கயிறோடு ஒரு தீயணைப்பு வீரர் நிற்கிற படம். ஏழு என்ற சொல்லே பக்கத்தில் இல்லை.

இந்தப் பேப்பருக்கு வேறு பதிப்பு உண்டா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"இருக்கிறது ஒரே பேப்பர். உனக்கு எத்தனை வேணும்?"

"ஏழு மான் இன்னும் வெளியன்னு போட்டிருந்தாங்களே."

"அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரேடியோலகூடச் சொன்னான். நான் தூங்கறதுக்குள்ள எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க." கோடரியை என் பக்கம் நீட்டினார். "மானுக்கு என்ன இப்போ?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அப்போது அந்தத் தலைப்பு இருந்திருக்கும். பிறகு மாற்றியிருப்பார்கள். அதை எடுத்து அன்றைக்கே சாந்தேரி முதல் பிளாக்கை உண்டாக்கியிருக்கிறான். நான் கெம்பெலேக்குப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது. கணினியின் கடிகாரத்தைச் சனி நண்பகலுக்குத் தள்ளிவைத்து, கதவுக்குப் பின்னால் இரவெல்லாம் தனியாகத் தோண்டி, நண்பகலுக்குப் பிறகு அதையெல்லாம் அப்போதுதான் தோண்டியதுபோல அவிழ்த்துக் கொட்டியிருக்கிறான். நீளமான சங்கிலி வந்தால் குட்டையானது செல்லாது. அதுதான் விதி. அதனால்தான் மற்றவர்கள் தோண்டியது சேரவில்லை. தடுமாற்றமாம்!

நீ கடைக்கே போகல. அப்போ அந்தக் கடைக்காரம்மா? சாக்லேட்? எதுக்குடா அந்தக் கதை? நான் கேட்கவேயில்லையே. தலைப்பை மட்டும் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே. நான் சிரிக்கணும்னு உட்கார்ந்து யோசிச்சியா?

விறகு பாதிதான் பிளந்தேன். அப்பா மீதியை அவரே பிளந்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சாந்தேரி உலர்த்தும் அறையில் இருந்தான். யாருடையவோ படுக்கை விரிப்புகள் எங்கள் நடுவில் தொங்கின. கணினிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்தவில்லை.

"அந்தக் கடைக்காரம்மா உன்ன என்ன சொன்னாங்க?"

"எந்தக் கடைக்காரம்மா?"

மறந்தே போயிருக்கிறான். நான் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

பக்கத்தை நீட்டினேன். படித்தான். அவன் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மடிப்புகளைத் தடவிப் பார்த்து, "இது என்ன, பூட்ஸுக்குள்ள இருந்ததா?" என்றான்.

"ராத்திரியெல்லாம் தோண்டினியா?"

"பாதி உனக்குடா. தனியா எடுத்து வெச்சிருக்கேன். நேரம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன்."

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினான். எல்லாரும் செய்வதுதான், நாணயத்தை வளர்க்க யாரிடமாவது கையிருப்பு வேண்டாமா, யாருக்கு என்ன நஷ்டம், எல்லாரும் லாபத்தில்தானே இருக்கிறார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனான். நரிக்கு நான் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்ததைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீ போட்டிருக்க மாட்ட. நான் போட்டா எவன் நம்புவான்? உனக்குத் தெரியாம இருந்தாத்தான்டா அது வேலை செய்யும்."

இதை மறைக்கக்கூட இல்லை. நல்ல வடிவமைப்பை விளக்குவதுபோலச் சொன்னான். கோட் ஒரு பாகம், தலைப்பு ஒரு பாகம், நான் ஒரு பாகம்.

இரண்டாம் மாடி ரீக்கா வந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "உங்க புண்ணியத்துல சீக்கிரம் காஞ்சிடுது" என்றாள். இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

நடந்ததை எழுதினால் ரெய்லு செத்துவிடும். மூன்று மாத வேலை. வாங்கியவர்கள் நஷ்டப்படுவார்கள். எழுதாவிட்டால் என் கையெழுத்தோடு ஒரு பொய் உலகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எழுதத்தான் வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நாள் முழுக்க யோசித்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மன்றத்தில் போட்டுவிட்டேன். பக்கத்தின் படம், நடந்தது, என் கையெழுத்து.

ஏப்ரல் 17, புதன்

நாணயம் சாகவில்லை. கொஞ்சம் சறுக்கிவிட்டு மாலைக்குள் திரும்ப ஏறியது.

முதல் பதில் நரியுடையது. பிப்ரவரியில் நான் எழுதியதைக் கையெழுத்தோடு ஒட்டி, கீழே: "ரெண்டு ஈரோ இருக்காரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எந்த ஈரோவ நாங்க நம்பறது?" பிறகு தனியாக எனக்கு: "நான் கேட்டப்ப என்னையப் பொய்யன் ஆக்கின. இப்போ வாங்கி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். வாய மூடு."

இவன் கண்டுபிடித்ததுதான் இது. இவன் சொன்னது சரி என்றுதான் நான் எழுதியிருக்கிறேன்!

மற்றவர்கள்: கசங்கிய பேப்பரை யாரும் அச்சடிக்கலாம். பங்குத் தகராறாக இருக்கும். விலையை இறக்கி வாங்கப் பார்க்கிறான். நூலகத்துக்குப் போய் அந்தத் தேதிப் பேப்பரைப் பாருங்கள் என்று மூன்று முறை எழுதினேன். ஒருவரும் போகவில்லை.

சாந்தேரி சுருக்கமாக எழுதியிருந்தான். ஈரோ நல்லவன், மூன்று மாதமாகத் தூங்காமல் உழைத்தவன், அவனுக்கு ஓய்வு தேவை, யாரும் திட்ட வேண்டாம். எழுபது பேர் லைக் போட்டிருக்கிறார்கள். கோட் கிடங்குக்குள் எனக்கு இருந்த அனுமதி காலையிலேயே போய்விட்டது.

ஏப்ரல் 18, வியாழன்

ஒருவர் நம்பினார். லெம்பித். "படத்தைப் பார்த்தவுடன் புரிந்தது. நன்றி, ஈரோ. நேற்றே எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்."

யாரிடம் விற்றார்? என்னை நம்பாதவர்களிடம். பொதுவில் ஒரு சொல் எழுதவில்லை. எழுதியிருந்தால் விலை இறங்கியிருக்குமே.

ஏப்ரல் 30, செவ்வாய்

மே தினத்துக்கு முந்தின நாளே தொடங்கிவிடும் கொண்டாட்டம். ஊர் முழுக்க மாணவர்களின் வெள்ளைத் தொப்பி. தூரத்தில் சாந்தேரி என்னைப் பார்த்துப் பாட்டிலை உயர்த்தினான். ஒன்றும் நடக்காததுபோல.

ஜூன் 8, சனி

என்னுடைய இரண்டு கணினிகளைத் துடைத்து விற்றேன். அவனுடையவை ஏற்கெனவே போய்விட்டன. ஹெல்சிங்கியில் அலுவலகமாம். எனக்கென்று தனியாக எடுத்து வைத்த பாதியைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பராமரிப்பாளர் வழிமறித்து, அறையில் என்ன கோளாறு, சட்டை ரெண்டு நாளாக ஈரமாகவே தொங்குகிறதே என்றார். கோளாறு ஒன்றுமில்லை, அந்த அறை இப்படித்தான் என்றேன்.

நவம்பர் 23, சனி

கெம்பெலே. முதல் பெரிய பனி. கூரையைத் தள்ளி முடித்தேன். லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து மூன்று மாதம். லிஃப்டில் யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, கம்பி தாங்கினால் போதும்.

காபியின்போது அப்பா, கோடையில் நான் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். வணிகப் பக்கம். சாந்தேரி, மேலங்கிக்கு உள்ளே கலைமான் போட்ட பனியனோடு. ஏழு கலைமான்களின் கதையை நிருபர் ரசித்து எழுதியிருந்தார். கடைக்காரம்மாவும் இருந்தாள். இம்முறை அவன் வாங்கியது காபி.

"இது உன் சிநேகிதன்தானே?"

"ஆமாப்பா."

"இந்த நாணயம் நீ எழுதினதுதானே?"

"ஆமா."

கண்ணாடியைப் போட்டு மறுபடி மேலிருந்து கீழ் வரை படித்தார். "மான்தான் எல்லாத்தையும் அன்னிக்கே புடிச்சிட்டாங்களே," என்றார். நான் எழுதியபின் இத்தனை மாதத்தில் இதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள்.

அவர் எழுந்து என் பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் சொட்டியது. திணிக்கப் பேப்பர் தேடினார். வீட்டில் பேப்பரே இல்லை. டேப்லெட் வந்தபிறகு பத்திரிகையை நிறுத்திவிட்டார்.

"இதையா உள்ள திணிக்கிறது?" என்று டேப்லெட்டைக் காட்டினார்.

என் பையின் பின்னறையில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்தப் பக்கம் இருந்தது. ஏப்ரலிலிருந்து போகிற இடமெல்லாம் கொண்டுபோகிறேன். யாராவது கேட்பார்கள் என்று.

எடுத்து, இரண்டாகக் கிழித்து, கசக்கி, ஒவ்வொரு பூட்ஸுக்கும் ஒன்றாகத் திணித்து அடுப்புப் பக்கம் வைத்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நன்றாகக் காய்ந்திருந்தது.