கல்குவியலுக்கு அந்தப் பக்கம்

ஈராக், 9.6.1932

அன்புள்ள யோசப்பினுக்கு,

மாதாவின் கிருபையால் நான் நலம். கட்டுகஸ்தோட்டையில் நீயும் பிள்ளையும் சுகம்தானா? அம்மாவின் இருமல் குறைந்ததா?

இங்கே ரோட்டு என்று ஒன்றும் கிடையாது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, சிரியா எல்லையோரமாக மணலில், என்னை இங்கே கூட்டிவந்த துரையின் லொறியை ஓட்டுகிறேன். எல்லை என்பது அங்கங்கே குவித்த கற்கள்தான்.

செவ்வாய்க்கிழமை சின்னச் சம்பவம் ஒன்று நடந்தது, பயப்படாதே. கல்குவியலுக்கு அப்பால் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்று, காலியான தண்ணீர்ப் பையைத் தூக்கிக் காட்டினாள். நான் பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிப்பாட்டாதே, கிளறன்ஸ். அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்லை" என்று தேயிலைத் தோட்டத்தில் பழகிய தமிழில் துரை சொன்னார். நான் நிறுத்தவில்லை.

முகாமுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. லொறியின் ஜாக்கியை வழியில் மறந்து விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, தண்ணீர் டின்னோடு திரும்பிப் போனேன். அவர்களின் காலடித் தடங்கள் மேற்கே போயிருந்தன. காற்று அவற்றை மூடிய இடம்வரை எல்லையைத் தாண்டி ஓட்டினேன். யாரையும் காணவில்லை. டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு பனியனும் பிள்ளையின் படம் ஒன்றும் அனுப்பு. தபால் லொறி புறப்படப் போகிறது. பங்குச் சுவாமியிடம் அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பூசைக்குச் சொல். உயிரோடு இருப்பவர்களுக்கா, இறந்தவர்களுக்கா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்று சொல்.

உன் கிளறன்ஸ்