வராந்தாவில் மாஸ்டர் சாமான்

தாராவி,
6 ஜூன் 2024

அன்புள்ள மாஸ்டருக்கு,

கிளாரா எழுதுவது. உங்கள் அம்மாவுக்குக் கஞ்சியாவது இறங்குகிறதா? போனில் கேட்கலாம்தான். நான் பேச ஆரம்பித்தால் இங்கே பால்வாடிப் பிள்ளை ஒன்று அழும், அங்கே உங்கள் அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். பக்கத்துச் சால் குடியிருப்பில் தீப்பிடித்ததிலிருந்து எங்கள் கமிட்டி வராந்தாவைக் காலி செய்யச் சொல்கிறது. “ரெண்டு மாசத்துல வந்துருதேன் டீச்சர், சாமான் மட்டும் வெளிய கெடக்கட்டும்” என்று வாடகை அறையின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். உங்கள் சைக்கிளும் கட்டிலும் தண்ணீர் டிரம்மும் அப்படியே நிற்கின்றன. சைக்கிளில் முட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷமீமா திட்டாத நாளில்லை. டிரம்மை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வரிசையில் டிரம் இருக்கிறவருக்குத் தண்ணீர் முறை உண்டு, அவர் இந்தச் சாலின் ஆள். உங்கள் முறைக்கு நானே பிடித்து வைக்கிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

அன்புடன்,
கிளாரா


சங்கரன்கோவில்,
19 ஜூன் 2024

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

அம்மா என்னை விட்டால் யார் கையாலும் மருந்து குடிப்பதில்லை. அண்ணன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு கடை பார்த்திருக்கிறான். அங்கே தைத்த மாதிரி இங்கேயும் பை தைத்துப் போட்டால் ஓடும் என்கிறான். “பம்பாய்ல ஒனக்கு யாருல இருக்கா?” என்று கேட்டான். அம்மாவுக்கு மருந்து நேரம் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

என்னால் நீங்கள் பேச்சு வாங்க வேண்டாம். சைக்கிளையும் கட்டிலையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். டிரம்மை ஷமீமாவுக்குக் கொடுத்துவிடுங்கள். அறைக்கு நல்ல ஆளாகப் பாருங்கள்.

மழை பிடித்திருக்கும். படியில் பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
மாரீஸ்வரன்


தாராவி,
2 ஜூலை 2024

மாஸ்டருக்கு,

டிரம்மைக் கொடுக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இந்தச் சாலில் யார் டிரம்மைக் கொடுப்பார்கள்? ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர்கள் கொடுப்பார்கள். இல்லையென்றால் செத்தவர் வீட்டில் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபோது நானே ஒன்றைக் கொடுத்தவள். நான் உங்களுடையதைக் கொடுக்க மாட்டேன்.

அறை பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. ஒருவன் ஓயாமல் மூக்கை உறிஞ்சினான். ஒரு அம்மாவுக்குச் சிரிப்புச் சத்தம் ஜாஸ்தி. “ஒனக்கு யாரையும் புடிக்காதும்மா” என்கிறாள் அனிஷா. சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். மீன் குழம்பு வைத்தால் உங்களுக்கும் சேர்த்து வைத்துவிட்டு, மறுநாள் அதையே சாப்பிடுகிறேன்.

நீங்கள் இல்லாமல் எனக்கு என்னவோ போல இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்தப் போவதில்லை.

கிளாரா


சங்கரன்கோவில்,
25 ஜூலை 2024

டீச்சருக்கு,

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. கடைசிவரை நினைவு தப்பவில்லை.

உங்கள் கடிதத்தை மடித்து வைக்கிறேன், திரும்ப எடுக்கிறேன். டிரம்மைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் எழுதினேன். வந்தால் பழையபடி வாடகைக்காரனாக இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமினால், மாத்திரை போட்டீர்களோ இல்லையோ என்று இந்தப் பக்கம் படுத்துக் கிடக்க வேண்டும். கதவைத் தட்டிக் கேட்க எனக்கு என்ன உரிமை? அந்தப் பாடு இனி என்னால் ஆகாது டீச்சர். நீங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள், வளர்ந்த மகள் இருக்கிறாள். நான் ஆசைப்பட்டு உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது.

ஆவணியில் கடை திறக்க அண்ணன் நாள் குறிக்கிறான். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

மாரீஸ்வரன்


தாராவி,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாரீஸ்வரனுக்கு,

உங்கள் அம்மாவுக்காக இன்று கோவிலில் பூசைக்குக் கொடுத்தேன். சாமி வேறு என்று அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். மெஹக் என்று ஒரு நர்ஸ் பெண், நேற்றே குடிவந்துவிட்டாள். ஆகவே நீங்கள் வாடகைக்காரராக வர இனி இடமில்லை. சைக்கிள் பழைய இரும்புக்குப் போயிற்று. கட்டிலை என் வீட்டுக்குள் இழுத்துப் போட்டேன். உங்கள் டிரம் இப்போது என் டிரம்மோடு நிற்கிறது. பார்த்துவிட்டு ஷமீமா, “க்யா டீச்சர், என்ன இது?” என்றாள். நான் இரண்டிலும் தண்ணீர் பிடித்தேன்.

ஊர் வாயைப் பற்றிக் கவலைப்பட எனக்கு வயது தாண்டிவிட்டது. அனிஷா என்ன சொல்வாளோ என்றுதான் பயந்தேன். நேற்று அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்டர் மாமாகிட்ட கேட்டியாம்மா?” என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.

இப்போது கேட்கிறேன்: எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறீர்களா? கடை திறப்பதற்கு முன்னால் பதில் எழுதுங்கள்.

உங்கள்
கிளாரா