தம்பியோடு பேசாத ஐந்தரை மாதம்

முருகன் துணை

சரோஜினி நகர், புது தில்லி
ஆடி 12, திங்கள்

அன்புத் தம்பி கதிரவனுக்கு,

அக்கா காந்திமதி ஆசிகளோடு எழுதுவது. இங்கே உன் அத்தானும் நானும் மகள் சிந்துவும் மூன்று பேரும் சௌக்கியம். மூன்று பேரும் என்று எழுத வைத்த முருகனுக்கு முதலில் ஒரு கும்பிடு. பாளையங்கோட்டையில் நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் திகைத்திருப்பாய். சிந்து தன் காலால் மலைமந்திர் முருகன் கோவில் படி ஏறும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் முருகன்மேல் சத்தியம் செய்தவள் நான். சாமியிடம் சொன்னதை மாற்றப் பயம். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே! இதைச் சொன்னதற்கு அத்தான், "லோதி ரோடு ஆபீஸ்லதான் ரூல்ல ஓட்டை தேடுறாங்கன்னு நெனச்சேன். நீ முருகனையும் எங்க செக்‌ஷன்ல சேத்துட்டியே" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் சிரித்தும் நாளாயிற்று.

நீ அத்தானுக்குத் தினமும் அனுப்பும் செய்திகளை நானும் பார்க்கிறேன். "நல்லா இருக்கா" என்று அவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார். நான் விவரமாக எழுதுகிறேன். தொடை எலும்பு சேர்ந்துவிட்டது. உள்ளே வைத்த கம்பியைப் பிறகு எடுப்பார்களாம். முழங்கால்தான் சண்டித்தனம் செய்தது. பயிற்சி கொடுக்க வரும் சுஷ்மா முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று தினமும் அளப்பாள், நான் நோட்டில் குறிப்பேன். சித்திரையில் நாற்பது டிகிரி. நேற்று நூற்றுப் பத்து. ஊன்றுகோல் இல்லாமல் கூடத்திலிருந்து சமையலறை வரை வருகிறாள். நான் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனால், "ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்தாதம்மா, கால் என்னோடது" என்று அதட்டுகிறாள். பக்கத்து வீட்டு ஜலஜா அவளுக்கென்று தினமும் மீன் வறுத்து எடுத்து வருகிறாள். நம் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று தெரிந்தும் கொண்டுவருகிறாள், இவளும் வாசலில் உட்கார்ந்து தின்கிறாள். முருகன் பொறுத்துக்கொள்வான். படி ஏறத்தான் இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர்.

நேற்று அம்மா போன் செய்தாள். அம்பாசமுத்திரத்துப் பெண் வீட்டுக்கு நீ வர மறுத்துவிட்டாயாமே. "ஒரு புள்ளைய பத்திரமா கொண்டு சேக்கத் தெரியாதவனுக்குக் கல்யாணம் எதுக்குன்னு கேக்கான், நான் என்ன சொல்லட்டும்" என்று அழுதாள். வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டாய், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாய் என்றாள். அடுப்பில் பால் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தம்பி, இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

தைப்பூசத்துக்கு நீ இங்கே வந்திருந்தாயே, அன்று காலை கோவிலுக்கு வண்டி எடுக்கும் முன் பின் சீட்டில் சிந்துவுக்கு நீதான் பெல்ட் மாட்டினாய். மாட்டி, இரண்டு தரம் இழுத்தும் பார்த்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோவிலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, நீ எடுத்துக் கொடுத்த பட்டுப்பாவாடை கசங்குகிறதே, சந்நிதியில் சுருக்கமும் மடிப்புமாக நிற்பாளே என்று எனக்குத் தோன்றியது. "கோவில் வந்துட்டுடி" என்று நானே அந்தப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டேன். அந்தப் பனிமூட்டத்தில் முன்னால் போன லாரி நின்றது எனக்குத் தெரியாது. நீ பிரேக் போட்டாய். பின்னால் வந்தவன் வந்து மோதினான். பிள்ளை முன்னால் போய் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் அத்தான் பெல்ட்ட சரியா மாட்டல" என்று அழுதாய். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் அந்தச் சத்தியம் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பயத்தில் செய்ததப்பா. உன்னோடு பேசினால் உண்மை வாயில் வந்துவிடும் என்ற பயம்.

போன வாரம் நடை பழகும்போது சிந்து என் காதோடு சொன்னாள்: "அம்மா, நீ பெல்ட் அவுத்தத நான் மாமாகிட்ட சொல்லமாட்டேன். பக்கா பிராமிஸ்." எட்டு வயதுப் பிள்ளை, கால் வலியோடு என் பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறாள். அன்று ராத்திரியே அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய், தூங்கும் சிந்துவைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "கதிரவனுக்கு எழுது. இன்னைக்கே எழுது" என்றார். அதற்கும் எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது பார்.

நீ பிள்ளையைப் பத்திரமாகத்தான் கொண்டுபோனாய். குறை என்னுடையது. என்னை மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுதாதே. கோபம் வந்தால் வரட்டும், எனக்கு அது வேண்டும். ஆனால் அம்பாசமுத்திரத்துக்குப் போ. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வா.

இன்னொன்று. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். உன்னை எனக்குத் தெரியும். அக்காவைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் அந்தத் தைப்பூசப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை வாசிப்பாய். விடாதே ராசா. ஒரு வரி விடாமல், அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி.

நீ நூறு வயது நல்லா இருக்கணும்.

உன் அக்கா
காந்திமதி