வாரியல் என்று சொன்னவருக்கு

அன்பான என் ஏலக்காரருக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத் தெம்பில்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் விண் விண்ணென்று தெறிக்கிறது. நாளைக்குள் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நம் பேச்சி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நல்ல மார்க். உங்கள் அண்ணன் வந்தார். பாளையங்கோட்டையில் நர்ஸிங் சேர்த்துவிடலாம், களக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் காப்பியையே கையில் எடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை இவள் பொறுத்திருந்தாள். பிறகு, பேச்சுக்கும் காதுக்கும் வைத்தியம் பார்க்கிற படிப்பைப் படிக்கப் போவதாகச் சொன்னாள். நாலு வருஷமாம்.

"ஏட்டி, காது மிஷின் விக்குத வேலையா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்ததால் வந்த வினை என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாழைத்தார்ச் சந்தையில் நீங்கள் ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அந்த வாயைப் பக்கவாதம் ஒரே காலையில் அடைத்துவிட்டது. அப்புறம் இரண்டு வருஷம். நீங்கள் எதையோ கேட்பீர்கள், எனக்குப் புரியாது. தண்ணீரா, துண்டா, மாத்திரையா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். உங்களுக்குக் கோபம் வந்து இடது கையால் தட்டைத் தள்ளிவிடுவீர்கள். நான் சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே அழுவேன். வீட்டில் பார்த்தது போதாதென்று இவள் ஆயுசு முழுக்க அதையே பார்க்கப் போகிறேன் என்கிறாளே என்றுதான் எனக்கு ஆத்திரம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டாள். அங்கீகாரம் இருக்கிறதா, கல்லூரியிலேயே நோயாளிகளுக்குப் பயிற்சி நடக்கிறதா, எந்த வருஷத்திலிருந்து மாணவர்கள் கையில் ஆளைக் கொடுப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். சென்னையில் ஒன்று, மதுரைப் பக்கம் ஒன்று என்று கடைசியில் இரண்டு மிஞ்சின. சென்னைக் கல்லூரிக்குத்தான் பெயர் அதிகம். ஆனால் இரண்டு இடத்திலும் அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். உங்களிடம் வருகிற நோயாளிகள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டாள். இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாராம் ஒருவர்.

அது உனக்கு என்னத்துக்கு என்று நானும் கேட்டேன். நோட்டை மூடிவிட்டு, கொஞ்சம் பைய சொன்னாள்.

"அன்னைக்கு அப்பா வாரியல்னு சரியாத்தாம்மா சொன்னாங்க."

உங்களுக்கு நினைவிருக்கும். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரி, பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தச் சின்னப் பெண். வடக்கே எங்கேயோ ஊர், நல்ல பொறுமைசாலி. ஒவ்வொரு படமாக அட்டையில் காட்டிப் பெயர் கேட்டாள். வீடு கூட்டுகிற படம் வந்தது. கையிலிருக்கிற பொருளைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்றாள். நீங்கள் நெற்றி நரம்பு புடைக்க, "வா... ரிய..." என்று இழுத்தீர்கள். அவளுக்குப் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பி, வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள்.

பாவம், அவள் சரியாகத்தான் கேட்டாள். படித்த பிள்ளை முன்னால், நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாரியல் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "துடைப்பந்தான் மேடம்" என்றேன். நம் வீட்டில் என்றைக்காவது யாராவது துடைப்பம் என்று சொல்லியிருக்கிறோமா? அவள் தாளில் பெருக்கல் குறி போட்டாள். நீங்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள்.

அதற்கப்புறம் அங்கே நீங்கள் வாயே திறக்கவில்லை. இன்னும் நாலு தடவை கூட்டிப் போனேன், பிறகு நிறுத்திவிட்டேன். அவருக்குப் பிடிவாதம், ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு பஸ் மாறி உங்களைத் தாங்கிக்கொண்டு போவதற்கு எனக்கும் முடியவில்லை. அதனால் அந்தக் காரணம் எனக்கு வசதியாக இருந்தது. அன்றைக்கு உங்களுக்கு என் மேல் கோபமா? அல்லது, தப்பாகத்தான் சொல்லிவிட்டோம் போல என்று நம்பிவிட்டீர்களா? அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ அன்னைக்குக் காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. ஒன்ன என்னன்னு சொல்ல?" என்றாள்.

மதுரையைத்தான் எடுத்திருக்கிறாள். நம் பக்கத்து ஆட்கள் அங்கேதான் நிறைய வருகிறார்களாம். உவரிக்காரர் வந்தாலும் காயல்பட்டினத்துக்காரர் வந்தாலும், படத்தைக் காட்டுவதற்கு முன்னால் அவரவர் வீட்டுச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்வேன் என்கிறாள். இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். லுங்கிக்குச் சாரம், பாத்திரத்துக்கு ஏனம், தாழ்ப்பாளுக்குக் கொண்டி. முதல் வரியில் எது இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தெம்பு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் போனால் வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு உலை வைக்க இனிமேல்தான் பழக வேண்டும். உங்கள் அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பரவாயில்லை. நாளைக் காலையில் அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

இனி எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு படித்தவர் கேட்டாலும் வாரியல் என்றுதான் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சியின் அம்மா